மூன்று விநாடி

நெஞ்சில் ஒட்டியிருந்த இஸ்திரிப் பெட்டியை
வாசலிலேயே கழற்றச் சொன்னான் காவலாளி.
சின்னத்தோடு உள்ளே போகக் கூடாதாம்.
உரித்தேன். பசை போகவில்லை.
அன்றிரவு முழுக்க அந்த வட்டத்தில்
மண்டபத்துத் தூசு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு
ஆளுக்கொரு ஹெட்செட் தந்தார்கள்.
ஒன்றில் சிங்களம், இரண்டில் தமிழ், மூன்றில் ஆங்கிலம்.
பௌசுல் நானா திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"காதுக்குத் தாறாங்க, அட்டைய வாங்குறாங்க."

நாங்கள் ஐந்து பேர். கடைசிக்கு முந்தின வரிசை.
ஆறு கிழமையாகக் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில்
செருப்புத் தேய்ந்த ஐந்து சோடிக் கால்கள்
குளிரூட்டியின் கீழே ஒன்றையொன்று உரசிக்கொண்டன.
மல்காந்தி சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

வெள்ளை உடுப்புக்காரர் பேசினார். கழுத்துப்பட்டிக்காரர் பேசினார்.
என் காதுக்குள் ஒரு பெண்
மூச்சு வாங்கி வாங்கித் தமிழாக்கினாள்.
அபிவிருத்தி என்றாள். இன்னொருமுறை அபிவிருத்தி.
ஒருதரம் இருமினாள், அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.
மண்டபம் சிரித்து ஓய்ந்த பிறகு
எனக்கும் நானாவுக்கும் சிரிப்பு வரும்.
முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.
யாருக்கோ நடந்த பகிடிக்கு
பிந்தி வந்த விருந்தாளிகள் நாங்கள்.

பிறகு டெல்சி அக்கா எழுந்தார்.
மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்,
அது கீச்சிட்டது.
"வணக்கம். நான் தமிழில்தான் பேசப் போறன்."

அப்போது கேட்டது அந்தச் சத்தம்.
முந்நூறு பேர் மடியிலிருந்து
ஹெட்செட்டைத் தேடி எடுக்கும் சத்தம்.
சிலர் எடுக்கவில்லை. கழுத்துப்பட்டிக்காரர்
பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்.

"ஐயா எங்கட லேனுக்குக் கடைசியா வந்தது ஒரு கலியாணத்துக்கு.
அந்தப் பொம்பிளையிட பிள்ளை இப்ப இரண்டாம் வகுப்பு.
கான் மட்டும் இன்னும் மூடாமல் கிடக்கு."

நாங்கள் சிரித்தோம். ஐந்து பேர்.
இல்லை, நால்வர்: மல்காந்தி காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.
ஒன்று.
இரண்டு.
மண்டபம் சிரித்தது,
எங்களுக்குப் பின்னால்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
மருந்துக்கடை பில்லின் பின்புறம் நான் எழுதிக் கொடுத்ததை
அக்கா பார்க்காமலே சொன்னார்:
"முப்பத்திநாலு வீடு, ஒரு குழாய்."

நாற்பத்திமூன்று.
கதவு கதவாய் எண்ணியவள் நான்.
என் வாய் திறந்து திறந்து மூடியது.
மணி அடித்தார்கள். பச்சை விளக்கு சிவப்பானது.
சற்றுப் பிந்தி மல்காந்தி ஹெட்செட்டைக் கழற்றி
என் பக்கம் சாய்ந்து கேட்டாள்:
"ஒன்பது வீடு எங்க, சகாயம்?
அதில என்டதும் ஒண்டா?"

வெளியே மழை விட்டிருந்தது.
அட்டையைத் திருப்பித் தந்தவன் என் பெயரை
நாலாய் உடைத்து வாசித்தான்.
அக்கா ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார். "எப்படி?"
நல்லம் என்றார் நானா.
நல்லம் என்றோம்.
நாற்பத்திமூன்று, என்றேன் நான்.
அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டது
பஸ் தரிப்பிடம் வரை கேட்டிருக்கும்.

ஒழுங்கைக்குள் திரும்பும்போது பத்தரை.
தண்ணீர் வருகிற நேரம்.
குழாயடியில் வாளிகள் வரிசையாய்,
சிலவற்றின் பின்னால் ஆட்கள், சிலவற்றில் ஒரு கல் மட்டும்.
"ஆர் வெண்டது?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல்.
"பலகையில கால் பார்த்து வையுங்க" என்றார் நானா.

டெல்சி அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
முதல் கதவருகே போய் நின்றார்.
ஒன்று, என்றார் உரத்து.
உள்ளேயிருந்து யாரோ
வாளியோடு ஓடி வந்து கதவைத் திறந்தார்கள்.