ஐம்பது ஹெர்ட்ஸ்

லிமரிக் நகரில், செவ்வாய்க்கிழமைகளில்,
தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கூடத்தில்
வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம்.
மூலையில் ஒரு குளிர்பெட்டி
விடாமல் முனகிக்கொண்டிருக்கும்.
அது எல்லோரையும் அறுக்கிறது,
நான்தான் பொறுமையில்லாதவன் என்று
பத்து மாதம் நம்பியிருந்தேன்.

"கண்ணைப் பார்த்துப் பேசு, ஃபெர்கல்.
மறைக்கிறவன்தான் தரையைப் பார்ப்பான்"
என்றார் ஒருவர், நான் சேர்ந்த புதிதில்.
மறைக்கவில்லை.
தரையில் நூற்றுப் பன்னிரண்டு ஓடுகள்.
ஒன்றை மட்டும் திருப்பிப் பதித்திருந்தார்கள்.

பதினேழு வயதில், ஒரு கல்யாண வீட்டில்,
அக்கார்டியனும் அத்தனை வாய்களும்
ஒரே சுவராக என்மேல் சரிந்தபோது
யாரோ கையில் விஸ்கியைத் திணித்தார்கள்.
மூன்றாவது மிடறில் சத்தம் இறங்கியது.
ஓகோ,
மற்றவர்களுக்கு
எப்போதும் இப்படித்தான் இருக்குமா?
அதற்கப்புறம் முப்பத்தொரு வருடம்
அந்த மூன்றாவது மிடறைத் தேடினேன்.

மார்ச்சில் ஒரு மருத்துவர் கேட்டார்:
"சட்டைக் கழுத்திலிருக்கும் துணிச்சீட்டை
வெட்டிவிடுவீர்களா?"
"வெட்டாதவர்களும் உண்டா?" என்றேன்.
எழுதிக்கொண்டார்.

பதினான்கு பக்க அறிக்கை.
ஆட்டிசம் என்ற சொல் இரண்டாம் பக்கத்தில்.
கார் நிறுத்துமிடத்திலேயே படித்து முடித்தேன்,
நேரம் தாண்டியதால் நாற்பது யூரோ அபராதம்.
அழவில்லை.
ஒன்பதாம் பக்கத்தில் என் பெயரில் எழுத்துப்பிழை,
அதைத் திருத்தினேன்.

நோரீனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு, "சோர்காவின் ஆறாவது பிறந்தநாள்?" என்றாள்.
பலூன்கள். இருபது பிள்ளைகள். பின்கதவு.
மதுக்கடையில் நான்.
பின்கதவு வரைக்கும்
அறிக்கை என்கூட வருகிறது.
அதற்குப்பின் நடந்துபோனவன்
நான்தான்.
அதையும் சொன்னேன்.
"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

போன வாரம் கூடத்தில், தரையைப் பார்த்தே,
எல்லாவற்றையும் சொன்னேன்.
கடைசியில், கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல்,
குளிர்பெட்டியைப் பற்றியும்.
டீர்த்ரா எழுந்து போய்
சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினாள்.

அப்போது
கூடத்துக்கு ஒரு கூரை இருந்தது.
அதன்மேல் மழை பெய்துகொண்டிருந்தது.
பக்கத்து நாற்காலிக்காரர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.
நான் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை.

இந்தச் செவ்வாய் வந்து பார்த்தால்
செருகியைத் திரும்பப் போட எல்லோரும் மறந்திருக்கிறார்கள்.
பால் திரிந்துபோயிருந்தது.
முகத்தைச் சுளித்தபடி
வெறும் தேநீர் குடித்தார்கள்,
ஒரு வார்த்தை சொல்லாமல்,
பதின்மூன்று பேர்.
எண்ணினேன்.