ஈர விறகு

மூன்றாம் இரவு.
கட்டபெட்டு சாலையில் சாய்ந்த கற்பூர மரம்
லைனோடு சேர்த்து எங்களையும் இழுத்துப் போட்டிருந்தது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
ஃபேக்டரி மாடியில், வாட்டும் தொட்டிகளில்
நாலாயிரம் கிலோ பச்சை இலை
காற்றாடி நின்றதும் தனக்குள்ளேயே சூடேறத் தொடங்கியது.
கையை நுழைத்தால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் அக்குள்.

முதலாளி பெள்ளிராஜ் பரணிலிருந்து பெட்ரோமாக்ஸை இறக்கினார்.
கூடவே பழைய மேன்டில் பொட்டலம் ஒன்று,
விலை ஒன்றே கால் ரூபாய் என்று அச்சிட்டது.

"பொறுங்க," என்றாள் ருக்மணி.
போஜனின் மகள். கல்பாக்கத்தில் வேலை, லீவில் வந்தவள்.
காரிலிருந்து செங்கல் அளவுக் கருவி ஒன்றை எடுத்துவந்து
பொட்டலத்தின் மேல் பிடித்தாள்.
டிக். டிக்டிக். டிக்.
மழை விட்ட பிறகு தகரக் கூரையில்
மரம் சொட்டுவது போல, ஒழுங்கில்லாமல்.

"தோரியம். மணவாளக்குறிச்சி மணலில் கிடப்பது.
இதை மாட்டித்தான் கல்யாணத்துக்கும் சாவுக்கும்
வெளிச்சம் காட்டியிருக்கிறோம்.
சாம்பலை மட்டும் மூச்சில் இழுத்துவிடாதீர்கள்."

முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது.
"அப்படியானால் இதிலேயே கரண்ட் எடுக்கலாமே?
எங்கிருந்தோ யுரேனியம் வாங்குவானேன்?"

அவள் சிரிக்கவில்லை.
டிரையர் அடுப்பின் வாயருகே
நாங்கள் சாய்த்து வைத்த விறகைக் காட்டினாள்.
"இது தானாகப் பிடிக்குமா?"
"ஆடி மாசத்து விறகு. எங்கே பிடிக்கும்."
"பக்கத்தில் வேறொன்று எரிய வேண்டும்.
அதைக் குடித்து, மாசக்கணக்கில் கிடந்து,
தோரியம் இன்னொரு யுரேனியமாகும். அப்புறம்தான் எரியும்.
பழைய அடுப்பை அணைத்துவிட்டு
இதைப் பற்றவைக்க முடியாது."

"சாம்பல்?" என்றேன்.
அடுப்புக் கூட்டுகிறவனுக்கு வேறென்ன கேள்வி.
"நெடுநாள் நின்று சுடுவது குறைவு என்கிறார்கள்.
ஆனால் கிட்டே போக முடியாத உக்கிரம் ஒன்று கூடவே பிறக்கும்.
கனத்த சுவருக்குப் பின்னால் நின்று
இரும்புக் கையால்தான் தொட வேண்டும்."

"எப்போது வரும்?"
"நான் வேலைக்குச் சேர்ந்தபோது
இன்னும் இருபது வருஷம் என்றார்கள்."
"சேர்ந்து எத்தனை வருஷமாச்சு?"
"பத்தொன்பது."
"இப்போது என்ன சொல்கிறார்கள்?"
"இருபது."

மேலேயிருந்து வாசனை மாறி இறங்கியது.
பேச்சு அதோடு நின்றது.

மேன்டிலைக் கட்டினோம். துணி கருகி, சுருங்கி, வெளுத்து
ஊதினால் உதிரும் முட்டையோடாகத் தொங்கியது.
பம்ப் அடித்தேன். வெளிச்சம்.
விடியும்வரை ஒன்பது பேர்
முழங்கை வரை இலைக்குள் விட்டுப் புரட்டினோம்.
ருக்மணியின் நகமெல்லாம் பச்சைக் கறை.
கருவியை அணைக்க மறந்திருந்தாள்;
மூலையில் அது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

பாதி இலை பிழைத்தது.
பத்து மணிக்குக் கரண்ட் வந்தது.
குந்தா அணையிலிருந்தா, கூடங்குளத்திலிருந்தா,
கம்பியில் எழுதியிருக்கவில்லை.

விளக்கைத் துடைத்து வைக்கச் சொன்னார் முதலாளி.
கை பட்டதும் மேன்டில் பொடியாயிற்று.
யாரும் சொல்லாமலே
எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.