கையுறையில் ஓர் ஊசித்துளை

ஆஸ்ட்ராவாவில் உலோகத்தை
டன் கணக்கில்தான் பேசுவார்கள்.
என் பேச்சு பதினோரு கிராம்.

அலுமினியம், லித்தியம், மக்னீசியம்,
ஸ்காண்டியம், டைட்டேனியம்.
யாரும் இதில் எஜமானரில்லை
யாரும் சிட்டிகையுமில்லை
ஐவரும் ஒரே படிகத்துக்குள்
ஒண்டுக்குடித்தனம்.

உருக்கிச் சேர்க்க வழியில்லை.
டைட்டேனியம் இளகும் சூட்டுக்கு வெகு முன்பே
மக்னீசியம் கொதித்து ஆவியாகிவிடும்.
லித்தியத்துக்கும் டைட்டேனியத்துக்குமோ
ஒட்டுமில்லை உறவுமில்லை.
ஆகவே அரைக்கிறோம்.
எஃகுக் குண்டுகள் உருளும் குடுவையில்
அறுபது மணி நேரம்.
பன்னிரண்டு மணிக்கொரு முறை
ஆர்கான் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்
கைவிட்டு, திறந்து,
சுவரில் அப்பியதைச் சுரண்டிப் போட வேண்டும்.
அந்தக் கைகள் என்னுடையவை.

சலவை இயந்திரத்தில் பெல்ட்டோடு போட்ட கால்சட்டை
என்பாள் ப்ளாஷெனா, ஆலையின் சத்தத்தை.
எனக்கு அது ஆலங்கட்டி,
தகரத்தின் மேல், விடவே விடாமல்.

நாற்பத்தோராம் மாதிரி.
ஜனவரி, செவ்வாய் இரவு.
வைர முனையை அழுத்தி எடுத்தேன்.
பள்ளத்தை நுண்ணோக்கியில் தேட நேரமானது,
அவ்வளவு சிறிது.
மறுபடி அழுத்தினேன். அதே எண். மறுபடி.
எடை அலுமினியத்துக்கு ஒரு முடி குறைவு.
கடினத்தை ஒப்பிட
எஃகின் பட்டியலைப் புரட்ட வேண்டியிருந்தது.

ஹால்ஃபர் காபிக் கடை ரசீதின் பின்னால் வரைந்தார்:
பருத்த அணு, ஒல்லி அணு, நடுத்தரம்,
தோளோடு தோள் இடித்து நிற்பதில்
வரிசையே கோணிப்போகிறது.
படிகத்தின் பிசகு ஒன்று வழுக்கிப் போகப் பார்க்கும்,
கல் பெயர்ந்த தெருவில் தள்ளுவண்டி மாதிரி
திக்கித் திக்கி நின்றுவிடும்.
வளையாததற்கு அதுதான் காரணம் என்றார்.
நாங்கள் நம்பினோம். பாதி சரிதான்.

மார்ச்சில் புதுக் கையுறைகள் வந்தன.
மாட்டினேன்.
நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது
மூன்றும் தொய்ந்தன.
ப்ளாஷெனாவின் எக்ஸ்-கதிர் வரைபடத்தில்
சிகரங்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
கனசதுரமாக அடுக்கியிருந்த அணுக்கள்
அறுகோணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன.
அதே ஐவர். அதே பங்கு. அதே ஆலை.

அன்று வீட்டுக்கு நடந்தே போனேன்.
எமா மேட்டில் மட்டும் பனி தங்கவில்லை.
நிலக்கரிச் சுரங்கம் கொட்டிய குப்பை,
உள்ளே இன்னும் கனல்கிறது,
மேலே புல் பச்சையாயிருக்கிறது.
பார்த்துக்கொண்டே நின்றேன். குளிர்ந்தது.
பழைய இடது கையுறையில்
கட்டைவிரல் அடியில் ஊசித்துளை.
கிறிஸ்துமஸ் விடுமுறை அவசரத்தில்
டேப் ஒட்டியவன் நான்.
ஆக்ஸிஜன் அளவி துள்ளும்போதெல்லாம்
கிழட்டுக் கருவி என்று தட்டி வைத்தவனும் நானே.

ஐந்து பேர் வீட்டில் ஆறாவது ஆள்.
அணுக்களின் இடுக்கில்
மாடிப்படிக்குக் கீழே படுத்திருந்தவன்,
வாடகைச் சீட்டில் பேரில்லாதவன்,
சுவரைத் தாங்கியிருந்தான்.

காலையில் கையுறையை உறையில் போட்டு
மேசை மேல் வைத்தேன்.
ஹால்ஃபர் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.
ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.
கடுகளவுகூட இல்லை வெளிச்சம்.

"ஒரு முறை கைவிடும்போது
இதன் வழியே எவ்வளவு நுழையும்?"

தெரியாது என்றேன்.

"அளக்கலாம்" என்றாள் ப்ளாஷெனா,
ஏற்கெனவே நாட்குறிப்பில் கோடு போட்டுக்கொண்டே.

ஐம்பதாம் மாதிரிக்கு ஒரு வால்வு பொருத்தினோம்.
துளி காற்று, கணக்கோடு.
அறிக்கையின் உட்பொருள் பட்டியலில்
ஐந்து வரிக்குக் கீழே
ஆறாவது வரிக்கு இடம் விட்டிருக்கிறது,
எண் இன்னும் எழுதவில்லை.

ஆலங்கட்டி தொடங்கிவிட்டது.
ஐம்பத்தெட்டு மணி நேரம் பாக்கி.