ஷிப்பு படிப்பு

அட்மிஷன் சீட்டில் இருந்தது
பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப்.
அப்பாவின் நாக்குக்குக்
கடைசித் துண்டுதான் வாகாய் வந்தது.
"நம்ம பூங்குன்றன் ஷிப்பு படிக்கிறான்" என்றார்
ஜீரோ கேட் டீக்கடையில்.
கன்டெய்னருக்குக் கம்பி முறுக்குகிற ஆள் சொன்னால்
துறைமுகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்.

இருட்டுவதற்குள்
பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்துக்கு
அண்ணன் கப்பலுக்குப் போகிறவன்.

அம்மாவுக்குத் தெரியும்.
எக்ஸ்போர்ட் கம்பெனியில்
நாளெல்லாம் சட்டைப் பிசிறு வெட்டுகிறவள்
இந்த ஒரு பிசிறை விட்டுவிட்டாள்.

இரண்டாம் செமஸ்டர் ஃபீஸுக்குத்
தண்டல் ஏகாம்பரம் பத்தாயிரம் கொடுத்தார்.
"எந்த நாட்டுக் கப்பலும்மா?"
"இன்னும் சொல்லலண்ணே."
எல்லாருக்கும் முன்பிடிப்பு ஆயிரத்து ஐந்நூறு,
எங்களுக்கு எழுநூற்றைம்பது.
டாலர் வரப்போகிற வீடு.

ராத்திரி பதினொன்றுக்கு மேல்
துணி காயும் கொடிக்குக் கீழே
ஈரப் பாவாடை நாடா தலையில் உரச
கம்பெனிச் சட்டம் ஒப்பிப்பான் அண்ணன்.
நான் எட்டாவது.
புத்தகத்தைப் பிடித்துத் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை.
போர்டு மீட்டிங்குக்கு ஏழு நாள் நோட்டீஸ்,
கோரம் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர்.
"நம்ம வூட்டுக்கு?" என்றேன்.
"அம்மா ஒருத்தி போதும்."

ஒருநாள் ஒப்பந்தச் சட்டம்.
தெரிந்தே பொய்த்தோற்றம் காட்டி
ஒருவரைச் சம்மதிக்க வைத்தால்
என்று வேகமாய் வந்தவன் நின்றான்.
வெளியே பாத்திரம் தேய்க்கிற சத்தமும் நின்றது.
அடிபம்பு மட்டும் சொட்டியது.
எனக்கு ஒன்றும் புரியவில்லை,
அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன்:
"செல்லாததாக்கத் தக்கது."
"அத்த காலைல படிச்சிக்கோ" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததில்தான்
வீட்டில் ஆளுக்கொரு கணக்கு.
அண்ணன் எழுநூற்றைம்பதை எண்ணிக்கொண்டு போய்
ஏகாம்பரத்திடம் உண்மையைச் சொன்னான் என்பாள் அம்மா.
போகவே இல்லை என்பான் அண்ணன்.
நான் பார்த்தேன்.
தண்டல் ஆபீஸுக்கு எதிரே,
கையில் போண்டா, கக்கத்தில் புத்தகம்,
புத்தகத்துக்குள் பணம்.
சட்னி தீரும்வரை நின்றான்,
பேப்பரைக் கசக்கிப் போட்டான்,
மின்ட் பக்கம் நடந்துவிட்டான்.
அந்தப் பணத்தில் வந்தது
கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வெள்ளைச் சட்டை.
அந்த வேலை கிடைக்கவில்லை.
சட்டையின் கை மடிப்பில் தொங்கிய நூலை
அம்மா பல்லால் கடித்துத் துப்பினாள்.

இப்போது மாதவரத்தில்
டைல்ஸ் குடோனில் ஜி.எஸ்.டி. பார்க்கிறான்.
"புள்ள எந்தக் கடல்லப்பா?" என்று
இன்னமும் கேட்கிறார்கள் ஜீரோ கேட்டில்.
அப்பா டீயை ஊதிக்கொண்டே இருப்பாராம்.

டிசம்பர் முப்பத்தொன்று, பன்னிரண்டு மணி.
நங்கூரம் போட்ட கப்பலெல்லாம்
ஒன்றாய் ஹாரன் அடிக்கும்.
எங்கள் வீட்டு அலுமினியத் தட்டுகூட அதிரும்.
"டேய், உன்னத்தான் கூப்புடுறாங்க" என்பாள் அம்மா.
அண்ணன் தலையணையை எறிவான்.
நாங்கள் சிரித்து முடிக்கும்வரை
மாடிப்படியில் அப்பா,
காதுக்குப் பின்னால் கையை வைத்து
ஹாரனைப் பிரித்துப் பிரித்து எண்ணிக்கொண்டிருப்பார்.

"பதினொண்ணு" என்பார் கடைசியில்,
யாரிடமும் இல்லாமல்.