இருமுறை வரும் இரண்டரை மணி

ஏட்டுச் சுரைக்காய் எல்லாம் ஒரே அளவு.
கையேட்டின் எடுத்துக்காட்டில்
கூடைக்குள் எப்போதும் மூன்று ஆப்பிள்.
அலாரம் காலை எட்டுக்கு.
தேதி ஜனவரி ஒன்று.
அங்கே யாருக்கும் கை நடுங்குவதில்லை,
யாரும் நடு ராத்திரியில் மாத்திரை விழுங்குவதில்லை.

எனக்கு வாய்த்ததோ
அக்டோபரின் கடைசி ஞாயிறு.
மூன்றைத் தொட்ட கடிகாரம் மனம் மாறி
இரண்டுக்கே திரும்பிவிடும் இரவு.
முதியோர் இல்லம், பதினான்காம் அறை,
எல்லர்ப்ரோக் அம்மாவின் தலைமாட்டில்
நாங்கள் செய்த பெட்டி
இரண்டரைக்கு ஒருமுறை திறக்க வேண்டும்.
இரண்டரை இருமுறை வரும்.

"உலக நேரத்தில் எழுது, தீர்ந்தது"
என்கிறான் டோர்பென், திரும்பிக்கூடப் பார்க்காமல்.
எல்லர்ப்ரோக் அம்மா உலக நேரத்தில் வாழவில்லை.
வூப்பர்டாலில் வாழ்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே
ஆற்றின் மேல் தொங்கியபடி ரயில் போகிறது.
அதன் கடைசி வண்டி போன பிறகும்
ஊரார் எழுதிய கோடுக்குள்
அந்த ஒரு ஃபங்ஷனின் பெயரைத்
தேடிக்கொண்டிருந்தேன்.
நாலாயிரத்துச் சொச்சம் விடைகள்.
யாரோ ஒரு மாணவனின் வீட்டுப்பாடம்.
பாதியில் விட்ட விளையாட்டு.
பிறகு ஒரே தவறு,
அதே எழுத்துப்பிழையோடு,
ஆயிரத்து நூறு இடங்களில்
பேரன் பேத்தி எடுத்திருந்தது.

பத்தொன்பதாம் பக்கத்தில்
ஒரு கோழிக்கூண்டுக் கதவு.
ஆல்காய் பக்கம் ஏதோ கிராமம்,
எழுதியவர் வென்டெலின்.
நட்சத்திரம் இரண்டு,
ஒன்று அவரே போட்டுக்கொண்டதாக இருக்கும்.

நாற்பத்தேழாம் வரிக்கு மேல் குறிப்பு:
*இதை நீக்காதே.
இரவு இரண்டரைக்குப் பூட்டைச் சோதிக்கும் வேலை
போன அக்டோபரில் இருமுறை ஓடியது.
முதல் முறை பூட்டியது.
இரண்டாம் முறை திறந்தது.
மரநாய்க்கு அது போதும்.*

கமிட் வரலாற்றைப் புரட்டினேன்.
"சரி செய்தேன்."
"இப்போதுதான் சரி."
"இல்லை."
அப்புறம் ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை.
பத்தாம் நாள் மூன்று டெஸ்ட்,
மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்:
ஹுல்டா. ட்ரீனெ. வால்புர்கா.

கடிகாரத்தை அவர் நம்பவில்லை.
செய்து முடித்ததை ஒரு மூலையில் எழுதிவைத்து
ஒவ்வொரு முறையும் முதலில் அதைப் பார்க்கிறார்.
அவ்வளவுதான்.
ஆறு வரி.
எந்தக் கையேட்டிலும் இல்லாத ஆறு வரி,
மூன்று கோழி விலை.

அப்படியே எடுத்துவிட முடியவில்லை.
மார்ச்சில் இரண்டரை வரவே வராது;
அவர் கோட் அன்று தூங்கிவிடும்.
கோழிக்குப் பரவாயில்லை,
மாத்திரைக்கு ஆகாது.
எனக்கானதை எழுதினேன்,
அவருக்கும் ஒரு திருத்தம் அனுப்பினேன்.

நாலு நாள் கழித்துப் பதில்:
"மார்ச்சில் மரநாய்க்கும் ஒரு மணி நேரம் குறைவுதான்.
இருந்தாலும் சேர்த்துவிட்டேன்."

லைசென்ஸ் கேட்டது அவர் பெயரை மட்டும்.
கோழிகளின் பெயரையும் சேர்த்தே வைத்தேன்.
"யார் இந்த வால்புர்கா?" என்றான் டோர்பென்.
நாற்பத்தேழாம் வரியின் முகவரியை அனுப்பினேன்.
படித்தான்.
ஒன்றும் சொல்லாமல் ஒப்புதல் தந்தான்.

அந்த ஞாயிறு
விழித்திருந்து பதிவேட்டைப் பார்த்தேன்.

02:30 திறந்தது.
02:30 ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

ஆறு மணிக்கு, அது ஒருமுறைதான் வரும்,
இல்லத்திலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.
பெட்டியின் மூடி கிறீச்சிடுகிறதாம்,
எண்ணெய் விடலாமா என்றாள்.