ஒன்று குறைகிறது

கெமியில் டிசம்பர் என்றால்
மதியம் இரண்டரைக்கே ராத்திரி.
இந்தக் குளிருக்கென்று பிறந்ததல்ல என் ஜாகுவார்.
ஒரு கப்பல் முதலாளி ஓட்டிச் சலித்து,
அவர் மகன் ஓட்டிக் கடன்பட்டு,
ஏலத்தில் என்னிடம் வந்து விழுந்தது,
காகித ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவளிடம்.
வால்நட் பலகை, தோல் இருக்கை
எல்லாம் இருந்தது.

சுவிட்சுகளுக்குப் பின்னாலிருந்த பல்புகள்
ஒவ்வொன்றாய்க் கண்ணை மூடின.
எட்டும் போய் இரண்டு வருடம்.
அதனாலென்ன,
விரலுக்கு வழி தெரியும்.
பின்கண்ணாடி மட்டும் தெளியவே தெளியாது,
கம்பி போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.
பின்னால் வரும் லாரிகள்
ஏனோ என்மேல் எரிந்து எரிந்து விளக்கடிக்கும்.
பொறாமை, வேறென்ன.

மாரிகாவுக்கு வழி தெரியாது.
அக்டோபரில் எஸ்தோனியாவிலிருந்து வந்தவள்,
பாதி பெட்ரோல் காசு கொடுத்து
என்னோடு ஆலைக்கு வருகிறாள்.
மைனஸ் இருபத்தேழில் ஒரு ராத்திரி
இருக்கையைச் சூடாக்கத் துழாவி
எதையோ அழுத்த,
அவள் பக்கத்துக் கண்ணாடி முழுசாய் இறங்கிற்று.
இறங்கியது ஏறவில்லை.
பதினொரு கிலோமீட்டர்.
பேசினால் பல் உடையும் போலிருந்தது,
பேசவில்லை.
அன்றிலிருந்து எதையும் தொடமாட்டாள்.
அடுத்தவர் வீட்டில் தண்ணீர் கேட்கத் தயங்குபவள் மாதிரி
கைகளை மடியில் வைத்திருப்பாள்.

டோர்னியோவில் பழைய பாகம் விற்கிற சகாரி
எட்டு கேட்டதற்கு ஏழு வைத்திருந்தார்.
எட்டாவது?
‘பிப்ரவரியில்’ என்றார்,
பிப்ரவரி ஏதோ பக்கத்துக் கடை போல.

ஞாயிற்றுக்கிழமை
வெண்ணெய்க் கத்திக்குத் துணி சுற்றி
பலகையின் விளிம்பில் நுழைத்தேன்.
மரம் முனகியது,
நானும்தான்.
உள்ளே முப்பது வருடத்துத் தூசி,
யாருடையதோ ஒரு கோட்டுப் பொத்தான்,
சாக்கெட்டுகளில் நொய்யரிசி அளவில்
வயிறு கறுத்த பல்புகள்.
இவ்வளவு சின்னதா
நம்மை இருட்டில் வைத்திருந்தது?

பச்சை மூடிகள் தொட்டதும் பொடிந்தன.
கடைக்குப் போய்
பச்சை நகப்பூச்சு ஒன்று வாங்கினேன்.
கல்லாவிலிருந்த பெண்
கிரீஸ் ஏறிய என் நகங்களைப் பார்த்து
‘விருந்தா?’ என்றாள்.
ஆமாம், காருக்கு.

முதல் பல்பில் பூச்சு தடித்துவிட்டது,
பாசிக்குளம்.
துடைத்து மறுபடி பூசினேன்.
சமையல் மேசையில் ஏழும் காய்ந்துகொண்டிருக்க
உட்கார்ந்து யோசித்தேன்:
இருட்டில் நிற்கப்போகும் அந்த ஒன்று எது?

சிகரெட் லைட்டரா? நான் புகைப்பதில்லை,
ஆனால் போனுக்கு மின்சாரம் அதில்தான்.
அபாய விளக்கா? ஆபத்தில் எவள் தேடிக்கொண்டிருப்பாள்.
கடைசியில் மிஞ்சியவை
என் இருக்கைச் சூடு, அவள் இருக்கைச் சூடு.
ஓட்டுகிறவளுக்கு வெளிச்சம் என்பது நியாயம்தான்.
ஆனால்
வழி தெரிந்தவளுக்கு எதற்கு விளக்கு?

திங்கள் இரவு
கதவைச் சாத்தி, கைகளை மடியில் வைத்தாள்.
சாவியைத் திருப்பினேன்.
பச்சையாய் ஏழு.
மாரிகா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஒரே ஒரு விரலை நீட்டி
அழுத்தினாள்.
க்ளிக்.
‘அந்தக் கறுப்புக் கட்டம்?’
‘அது என்னுடையது.’

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.
பாலம் ஏறும்போது
வழக்கம்போல் பின்கண்ணாடிச் சூட்டுக்கு விரல் போனது,
போன இடத்தில்
பச்சை வெளிச்சத்தில் தெளிவாக இருந்தது
பின்பக்கப் பனிமூட்ட விளக்கின் படம்.

இரண்டு வருடம்.
தெளிந்த வானத்தின் கீழே
சிவப்பாய் அவ்வளவு பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு.

‘என்ன சிரிப்பு, கெர்ட்டு?’ என்றாள் மாரிகா.
பக்கத்துச் சுவிட்சை அழுத்தினேன்.
பின்னால் வந்த லாரி
மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது.