சாய்ந்த கோடு

ஆறு மணிக்கு மோட்டார் போடுவார்கள்,
ஆறரைக்கு நிறுத்துவார்கள்.
அதற்குள் இரண்டு டிரம், ஓர் அண்டா, நாலு பக்கெட்.
எபி குளித்த தண்ணீர் தனி.
அதில்தான் தரை துடைப்பது.
யாரிடமும் சொன்னதில்லை இதை.

அயனாவரத்தில் மூன்றாவது மாடி.
ஜன்னலைத் திறந்தால்
மெட்ரோவுக்குத் தோண்டிய மண்
படியேறாமலே வந்து டிவி மேல் உட்காரும்.
மூடினால் புழுக்கம்.
திறந்துதான் வைத்திருக்கிறேன்.

எனக்கு வேலை ஆஸ்பத்திரியில்,
ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் ஓர் அறை.
கத்தி, கத்தரி, இடுக்கி
ரத்தத்தோடு வரும்.
கழுவி, துடைத்து, எண்ணி,
பச்சைத் துணியில் மடித்து
மேலே டேப் ஒட்டி
ஆவிப் பெட்டிக்குள் தள்ள வேண்டும்.
நூற்று முப்பத்து நாலு டிகிரி.
அந்த டேப்பில் சாய்வாக
வெளிறிய கோடுகள் இருக்கும்,
சூட்டில் கறுக்கும்.
கறுத்திருந்தால் சுத்தம்.
வெளுப்பாக வந்தால் திரும்ப உள்ளே.
பதினோரு வருஷத்தில்
நான் கட்டிய கட்டு ஒன்றுகூடத்
தியேட்டரிலிருந்து திரும்பி வந்ததில்லை.

"உங்க வீடு கண்ணாடி மாதிரி இருக்கும் இல்ல, ஜெசிந்தா?"
மயக்க மருந்து கொடுக்கும் புது டாக்டர் கேட்டார்.
கிளவுஸை உரித்துக்கொண்டே
ஆமாம் டாக்டர் என்றேன்.
காலையில் மிதித்த சோற்றுப் பருக்கை
அப்போது என் குதிகாலில்
கல்லாகிக் குத்திக்கொண்டிருந்தது.

சோற்றை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது.
இழுபடும், தரையெல்லாம் பசையாகும்.
காயவிட்டால் துடைப்பத்துக்குத் தானே வரும்.
இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.
வாஷிங் மெஷினில் ரஸ்க் போட்டால்
என்ன ஆகும் என்பதையும்.

எபிக்கு ஒன்றரை வயது.
எதைக் கொடுத்தாலும் பாதி தின்பான்,
மீதியை வீட்டுக்குக் கொடுப்பான்.
சோபா இடுக்குக்கு, ஷூவுக்கு,
ஒருமுறை என் பைபிளுக்கு.
எறும்புகளுக்கு அவன் கொடுத்தது தெரியும்,
எனக்குத்தான் தெரியாது.

ஜோசுவா பெருக்குவார்.
இல்லை என்று சொல்ல மாட்டேன்.
பெருக்கியதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்.
அங்கே இப்போது ஒரு தனி ஊர் இருக்கிறது,
சோக்ஸும் மூடியும் ஒற்றைக் கம்மலும் வாழ்கிற ஊர்.
கவுன்சிலர் மட்டும்தான் இல்லை.

இரண்டும் தூங்கியபின்
பத்து மணிக்கு ஃபினைல் ஊற்றுகிறேன்.
சமையலறையிலிருந்து பின்னாலேயே நகர்ந்து
வாசற்கதவு வரை.
நேற்று கணக்குத் தப்பிவிட்டது.
ஹாலின் நடுவில் மாட்டிக்கொண்டேன்,
சுற்றிலும் ஈரம்,
காலடியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி.
ஏறி உட்கார்ந்தேன்.
மின்விசிறி ஓடியது.
ஒன்பது நிமிஷம் இருக்கும்.
யாரும் கூப்பிடவில்லை.
தரையில் டியூப்லைட் முழுசாகத் தெரிந்தது.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன்.

ஷெரின் எல்.கே.ஜி.
ஸ்டேண்டிங் லைன் வந்துவிட்டது, ஸ்லீப்பிங் லைனும்.
ஸ்லாண்டிங் லைன் மட்டும்
நிற்கவா படுக்கவா என்று தெரியாமல் தள்ளாடும்.
வீட்டில் பழக்கவும் என்று
டைரியில் சிவப்பு மையில் மிஸ் எழுதியிருந்தார்.

பழகியிருக்கிறாள்.
ஃபிரிட்ஜிலிருந்து பாத்ரூம் கதவு வரை,
அவள் தோள் உயரத்தில்,
கறுப்புக் கிரேயானால்.

காயாத தரையில் தடம் பதிய
ஈரத்துணியோடு கிட்டே போனேன்.
முதல் நாலைந்து நடுங்கியிருந்தன.
கேஸ் சிலிண்டரைத் தாண்டியதும் ஒரே சாய்வு.
வேலைப் பழக்கம், எண்ணிவிட்டேன்.
நாற்பத்தொன்று.
வெளுப்பாக ஒன்றுகூட இல்லை,
எல்லாம் நன்றாகக் கறுத்திருந்தன.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

ஹவுஸ் ஓனர் வாடகைக்கு வருவது
ஐந்தாம் தேதி.
இன்றைக்கு எட்டு.